வாழை சாய்ந்த திசை: சேலம்–நாமக்கல் சமவெளியில் கோடைச் சூறைக்காற்றின் தடம்

சித்திரை, வைகாசியில் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வரும் சேதச் செய்திகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. பகலெல்லாம் சுட்டெரித்த வெயில், மாலையில் திரண்ட மேகம், சிறிது நேரம் அடித்த காற்று. மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழை முறிகிறது. கோழிப்பண்ணைக் கொட்டகை சரிகிறது. சேலத்துப் புறநகர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறக்கிறது. கைப்பேசியில் படம் பிடித்தவர் ‘டொர்னாடோ’ என்கிறார். மற்றவர் ‘நம்ம ஊரில் அதெல்லாம் வராது’ என்கிறார். இருவர் கையிலும் சான்று இல்லை. சான்று தோட்டத்தில் கிடக்கிறது. இழப்பீட்டுக் கணக்கெடுப்பு அதில் பாதியை எழுதிவைக்கிறது, மறுபாதியை விட்டுவிடுகிறது என்பதே என் வாதம்.

டொர்னாடோ எனும் சுழல்காற்று இந்தியாவுக்குப் புதிதன்று. 1978 மார்ச்சில் டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிய வடபகுதியில் சில நிமிடங்களே சுழன்ற ஒன்று 28 உயிர்களைப் பறித்தது. வங்கதேசத்தின் சாட்டூரியாவில் 1989 ஏப்ரலில் மாண்டவர்கள் சுமார் 1,300 பேர். ஆனால் அந்நிலப்பகுதிகளில் தரைக்காற்றும் மேல்காற்றும் வேகத்திலும் திசையிலும் பெரிதும் மாறுபடுகின்றன. அந்த வேறுபாடுதான் மேகத்தைச் சுழல வைக்கிறது. தமிழக உள்மாவட்டங்களின் கோடையில் வெப்பமும் ஈரமும் தாராளம், காற்று வேறுபாடு குறைவு. மேகத்தின் அடித்தளமும் உயரத்தில் நிற்கிறது. அதன் கீழுள்ள வறண்ட காற்றில் மழைத்துளி ஆவியாக, குளிர்ந்து கனத்த காற்று கீழே கொட்டித் தரையில் மோதி நாலாபுறமும் விரிகிறது. இதை வீழ்காற்று என்று குறிக்கிறேன். சேர்வராயன், கொல்லிமலை அடிவாரங்களில் நாம் காணும் சேதத்தில் பெரும்பங்கு இதனுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு வேறு, நிறுவுதல் வேறு.

டொர்னாடோவையும் வீழ்காற்றையும் பிரித்தறியும் வழியைக் காட்டியவர் வானிலை அறிஞர் ஃபுஜிதா. 1945இல் நாகசாகியின் அணுகுண்டுச் சேதத்தை ஆராய்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவைத் தாக்கிய 148 டொர்னாடோக்களின் தடங்களை விமானத்திலிருந்து பார்த்தபோது, சில காடுகளில் மரங்கள் சுழலாமல் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கி விரிந்து கிடந்ததைக் கண்டார். வீழ்காற்று என்ற கருத்து அங்கிருந்து பிறந்தது. டொர்னாடோவின் தடத்தில் இரு விளிம்பு மரங்களும் பெரும்பாலும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். வீழ்காற்றில் அவை விலகிச் சாயும். வேகத்தைவிடத் திசைதான் இங்கே சாட்சி.

ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். சேலத்துக்கு நேர்கோட்டில் காரைக்கால் ரேடார் ஏறத்தாழ 200 கி.மீ., சென்னை ரேடார் 280 கி.மீ. தொலைவில் இருக்கின்றன. பூமியின் வளைவால், காரைக்காலிலிருந்து தரையை ஒட்டி விடும் கதிர்கூடச் சேலத்துக்கு மேல் இரண்டு கி.மீ.க்கும் மேலான உயரத்தில்தான் செல்லும். ஒரு பாகை அகலமுள்ள கதிர் அங்கே மூன்றரை கி.மீ. பரந்துவிடுகிறது. சில நூறு மீட்டர் அகலச் சுழல் அதில் தெரியாது. ஏற்காட்டில் ரேடார் வந்தால் நிலைமை மாறும். ஆனாலும் மலையுச்சியிலிருந்து பார்க்கும் கருவிக்கு அடிவாரத்தின் கடைசி ஆயிரம் மீட்டர் எளிதில் எட்டாது.

எனவே தரைக்கே வரவேண்டியிருக்கிறது. வாழைத்தோட்டம் இதற்கென்றே நட்டதுபோல் இருக்கிறது: ஒரே வயது, ஒரே உயரம், சீரான இடைவெளி. சூறை அடித்த பிறகு கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் புல எண் வாரியாகச் சேதத்தைக் குறிக்கிறார்கள். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமிருந்தால் நிவாரணம். ஒரு வருவாய்க் கிராமத்தின் புலப்படத்தில் சேதமுற்ற புல எண்களைக் குறித்தாலே தடத்தின் நீளமும் அகலமும் துலங்கிவிடும். ஆய்வகங்கள் பெரும் செலவில் தேடும் நுணுக்கம் வட்டாட்சியர் அலுவலக அலமாரியில் தூங்குகிறது. அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் இல்லாதது ஒரே ஒரு கட்டம்: சாய்ந்த திசை.

திசையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. தார் ஈன்ற மரம் தாரின் பாரத்துக்கு ஏற்பச் சாயும். முட்டுக் கொடுத்த மரம் முட்டு இல்லாத பக்கம் விழும். ஆகவே தார் தள்ளாத, நடுவில் முறிந்த மரங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ளவேண்டும். ஒரே தோட்டத்தை அல்லாமல், தடத்தின் இரு விளிம்புகளிலும் உள்ளவற்றை ஒப்பிடவேண்டும். வேகமாக நகரும் வீழ்காற்று மரங்களை ஒரே பக்கமாக வாரிச் சாய்க்கும். டொர்னாடோவின் வலுத்த பக்கமும் அப்படித்தான் தோன்றும். ஒரு விளிம்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வம்பு.

கோழிக்கொட்டகை இன்னும் சிக்கலான சாட்சி. வெயில் உள்ளே விழாமலிருக்க அதன் நீளவாக்கைக் கிழமேற்காக அமைப்பது வழக்கம். பக்கங்களில் சுவருக்குப் பதில் கம்பிவலை. வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வரும் காற்று அகன்ற பக்கத்தில் நுழைந்து கூரையை அடியிலிருந்து தூக்குகிறது. அதே காற்று மேற்கிலிருந்து வந்திருந்தால் அந்தக் கொட்டகை தப்பியிருக்கலாம். சரிந்த கொட்டகைகளை எண்ணி வேகத்தை ஊகிப்பது காற்றைவிடக் கட்டுமானத்தை அளப்பதாகவே முடியும். அமெரிக்க வீடுகளையும் கட்டடங்களையும் வைத்து வகுத்த சேத அளவுகோலை விசைத்தறிக் கூடத்துக்கும் அகத்தியில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

காலமும் குறைவு. சாய்ந்த வாழையை விவசாயி நாள்கணக்கில் விட்டுவைப்பதில்லை. வெட்டி அப்புறப்படுத்தினால்தான் பக்கக்கன்று தேறும். அதனால் பின்னொரு நாள் அனுப்பும் ஆய்வுக்குழு பயன்படாது. கணக்கெடுக்க முதலில் போகிறவரே, பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள திசைகாட்டியை முறிந்த பத்து மரங்களருகே பிடித்து, புல எண்ணோடு எழுதிவிட வேண்டும்.