அசையா உடலும் ஆடிய பந்தும்

கண்கள் திறந்திருந்தும் தன்னுணர்வின் அடையாளம் எதுவும் காட்டாத நோயாளிகளின் நிலைக்கு, 1972இல் பிரயன் ஜென்னட், ஃபிரெட் பிளம் என்னும் இரு மருத்துவர்கள் 'நீடித்த தாவர நிலை' என்று பெயரிட்டார்கள். விவரிக்க வந்த பெயர் நாளடைவில் தீர்ப்பாகவே ஒலிக்கத் தொடங்கிற்று. கட்டளைக்கு உடல் இணங்கவில்லையெனில் உள்ளே எவரும் இல்லை என்று கொள்ளப்பட்டது.

2006இல் கேம்பிரிட்ஜின் ஏட்ரியன் ஓவன் குழுவினர் இந்த நம்பிக்கையைக் குலைத்தார்கள். சாலை விபத்துக்குப்பின் ஐந்து மாதமாக மறுமொழியற்றுக் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகவும், தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. படிமத்தில் அவர் மூளை, நலமுள்ளோர் மூளையைப் போலவே இரண்டுக்கும் வெவ்வேறு பகுதிகளில் கிளர்ந்தது.

ஆயினும் குடும்பத்தாரின் கேள்வி வேறு: மீண்டு வருவாரா? பெல்ஜியத்தின் லியேஜிலிருந்து 2014இல் வெளியான ஆய்வில், மூளையின் குளுக்கோஸ் செலவைக் காட்டும் பெட் படிமம் நூற்றுக்கு 74 பேரின் போக்கைச் சரியாக முன்னுரைத்தது, எம்.ஆர்.ஐ. செயற்படிமம் 56 பேருக்கே.

2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, உடலால் இணங்காத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கியதைக் கண்டது. அதே ஆய்வில், கண்ணெதிரே கட்டளைக்கு இணங்கிய 112 பேரில் 43 பேரிடம்தான் கருவி அச்சுவட்டைக் கண்டது.

உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதா என்று முடிவெடுப்போர் இந்தக் கடைசி எண்ணை மறக்கலாகாது. அன்று உடலின் மௌனத்தை இன்மையென்று படித்தோம். இன்று கருவியின் மௌனத்தையும் அவ்வாறே படித்துவிடக்கூடும்.