விசிலும் புகார்ப் பெட்டியும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. மேலகரத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலையே தெரியவில்லை. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். உடம்பெல்லாம் எண்ணெயோடு நிற்பவர்கூட முனகிக்கொண்டே வெளியே வந்துவிடுவார். இந்த ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம்.

நேற்று பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும், "தாத்தா, இன்னைக்கு எங்க ஸ்கூல்ல தீ விபத்து ஒத்திகை நடந்துச்சு" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "யாரையாவது மேலேயிருந்து குதிக்கச் சொன்னாங்களா?" என்பதுதான். அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், ஜூலை மாதம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கொட்டகைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். மேல் தளத்தில் வகுப்பு, இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. நான் அப்போது பணியில் இருந்தேன். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கப் பள்ளிகளில் தீயணைப்புக் கருவியும் பயிற்சியும் இருந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்றுதான் வந்தது. பத்து வருஷம்!

ஆக, ஒத்திகை என்பது அந்தக் குழந்தைகள் நமக்கு விட்டுப்போனது. அந்த ஒத்திகையே ஓர் உயிரை எடுத்தது 2018 ஜூலை 12 அன்று. கோவை நரசிபுரத்தில் ஒரு கலைக் கல்லூரி. பேரிடர் பயிற்சி என்று மாணவர்களை இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். கீழே சக மாணவர்கள் வலையைப் பிடித்து நின்றார்கள். 19 வயது மாணவி ஒருவர் விளிம்பில் உட்கார்ந்து தயங்குகிறார். பின்னால் நின்ற பயிற்சியாளர் தள்ளிவிடுகிறார். முதல் மாடி சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனார். அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. அவர் எங்கள் பயிற்சியாளரே இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. அதைக் கல்லூரி வாசலிலேயே ஒருவர் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். மேலேயிருந்து விழ வேண்டியது மணல் மூட்டைதான், பிள்ளை இல்லை. இதைச் சொல்வதற்குத் தீயணைப்புப் படிப்பு எதுவும் வேண்டாம்.

எனக்கு உறுத்துவது போலிச் சான்றிதழ்கூட இல்லை. அந்தப் பெண் பயப்படுவது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. "அவளுக்கு வேண்டாமாம், இறக்கி விடுங்க" என்று சொல்ல ஒரு பெரியவர் இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 2019 நவம்பர் வரை தென்காசியும் நாங்குநேரியும் ஒரே மாவட்டம்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வள்ளியூரில் பிளஸ் டூ படித்த பட்டியலினப் பையன், சக மாணவர்கள் தந்த சாதித் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னான், எழுதியும் கொடுத்தான். அதன்பின் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு.

அவன் செய்தது நாமெல்லாம் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லிக்கொடுப்பதைத்தான். "எதுவானாலும் வாத்தியாரிடம் சொல்லு." சொன்ன விஷயம் யாருக்கெல்லாம் போய்ச் சேரும், அதற்குப் பிறகு அவனை வீடு வரை யார் பார்த்துக்கொள்வது என்பதை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. நமக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

எனக்கும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலாக மடித்த தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினான். சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று பெரிய பையன்கள் சாப்பாட்டைப் பிடுங்குகிறார்கள், அப்பா தொழிலைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூவரையும் கூப்பிட்டு, அந்தத் தாளை முகத்துக்கு நேரே ஆட்டி, "என்னலே இது, படிச்சுப் பாருங்க" என்றேன். பிரம்பும் எடுத்தேன். நியாயம் செய்துவிட்டேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன். பையன் மறுநாள் வரவில்லை. பத்து நாள் கழித்து அவன் அப்பா டி.சி. கேட்டு வந்தார். செங்கோட்டையில் மர அறுவை மில்லில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. "நீங்க நல்லதுதான் நினைச்சிய சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் கலர் கயிறு பற்றித்தான் டிவியில் சண்டை போட்டார்கள். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருந்தது. என் அனுபவத்தில் முக்கியமானது அதுதான். புகாரை வாங்குகிறவர் மறுநாள் மார்க் போடுகிற வாத்தியாராகவும், புகாருக்கு ஆளான பையனின் சொந்தக்காரராகவும் இருந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? 14417, 1098 என்ற எண்களும் இருக்கின்றன. வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்களே, பேத்தியிடம் கேட்டேன், உங்கள் பள்ளியில் அது எங்கே இருக்கிறது என்று.

"ஹெச்.எம். ரூம் வாசல்ல, தாத்தா."

"யாராவது அதுல எழுதிப் போடுவாங்களா?"

"எதிர்ல பெஞ்ச் இருக்கு. எப்பவும் யாராவது உட்கார்ந்திருப்பாங்க. யாரு போடுறாங்கன்னு தெரிஞ்சிரும்லா."

சாவி யாரிடம் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். மருமகளோடு நானும் போகிறேன். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பேன். அடுத்த ஒத்திகைக்குத் தென்காசி தீயணைப்பு நிலையத்திலிருந்துதான் ஆள் வருகிறாரா என்பதையும்.