யேட்ஸுக்குச் செய்த ஆபரேஷன்

1934 ஏப்ரலில், தமது 68ஆம் வயதில், டபிள்யூ. பி. யேட்ஸ் லண்டனில் ஒரு ஆபரேஷன் செய்துகொண்டார். செய்தவர் நார்மன் ஹேர் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். உடம்பும் கவிதையும் ஒருசேர வறண்டுவிட்டன என்று பயந்துகொண்டிருந்த கிழவர், இரண்டாம் முறை பருவமெய்தியது போல் இருப்பதாகப் பின்னால் கடிதம் எழுதினார். டப்ளின் பத்திரிகைகள் அவருக்குச் சுரப்பிக் கிழவர் என்று பட்டம் கட்டின. பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு யேட்ஸ் நடத்தியவர் இதைத் தொடாமல் கவனமாகத் தாண்டிப் போனார்.

ஆங்கில விமர்சகனுக்கு இது கவிஞனின் வாழ்க்கையில் ஒரு விநோதம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்காரனுக்கு இதில் வேறொரு ஆச்சரியம் இருக்கிறது. ஸ்டைனாக் ஆபரேஷன் என்று அன்று பெயர் பெற்றிருந்தது, விந்துக்குழாயை வெட்டிக் கட்டும் காரியம். அதாவது வாசெக்டமி. ஐரோப்பாவில் இழந்த ஆண்மையை மீட்க வசதியுள்ளவர்கள் காசு கொடுத்துச் செய்துகொண்டதை, இருபது வருஷம் கழித்து நம் சர்க்கார் ஏழைகளுக்குக் காசு கொடுத்துச் செய்தது. அவர்கள் ஆண்மை போய்விடும் என்று அலறி ஓடினார்கள்.

யூஜென் ஸ்டைனாக் வியன்னாவில் எலிகளை வைத்து ஆராய்ந்த உடலியல் நிபுணர். விரையில் இரண்டு வகையான வேலை நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒன்று விந்தணு உற்பத்தி. மற்றது, விந்தணுக் குழல்களுக்கு இடையில் கிடக்கும் லேடிக் செல்கள் ஏதோ ஒன்றை ரத்தத்தில் சுரப்பது. குழாயைக் கட்டிவிட்டால் முதல் வேலை முடங்கும், இடம் காலியாகும், லேடிக் செல்கள் பெருகும், இளமை திரும்பும் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குழாயை மட்டுமே கட்டினார்கள். 1918இல் முதல் மனிதனுக்குச் செய்தார்கள். 1923இல் ஃப்ராய்டே போய்ப் படுத்தார். அவருக்குத் தாடைப் புற்றுநோய், அதற்கு இது உதவும் என்ற நம்பிக்கை.

இந்தக் கணக்கை வியன்னாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் நமக்கு இருந்ததில்லை. விந்து வெளியே போகாமல் உள்ளே நின்றால் அது தேஜஸாக மாறும் என்பது நம் யோகிகளின் பழைய பேச்சு. திருமூலர் நூலில் விந்து ஜயத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. யேட்ஸ் ஆபரேஷன் முடிந்த கையோடு புரோஹித் சுவாமி என்ற மராட்டியச் சந்நியாசியுடன் உட்கார்ந்து உபநிஷத்துகளை மொழிபெயர்த்தார்; புத்தகம் 1937இல் வந்தது. பிரம்மச்சரியத்தைப் போதிக்கும் ஒருவரையும், இழந்த காமத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன டாக்டரையும் ஒரே காலத்தில் நம்ப அவரால் முடிந்தது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் சொன்னது ஒன்றையேதான்.

ஆனால் ஸ்டைனாக்கின் கணக்கு தப்பு. குழாயைக் கட்டினால் லேடிக் செல்கள் பெருகுவதில்லை. ரத்தத்தில் போகிற சரக்குக்கும் குழாயில் போகிற சரக்குக்கும் வழி வேறு. இதைத் தெரிந்துகொள்ள 1934 வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. 1849இல் கோட்டிங்கனில் பெர்த்தோல்ட் என்பவர் சேவல்களின் விரைகளை எடுத்துவிட்டார். கொண்டை வெளிறியது, கூவல் நின்றது. சிலவற்றுக்கு ஒரு விரையை மட்டும் வயிற்றுக்குள்ளேயே ஒட்டவைத்தார். குழாய் இல்லை, நரம்புத் தொடர்பு இல்லை, ஆனாலும் கொண்டை சிவந்தது, சேவல் கூவியது, சண்டைக்குப் போனது. ரத்தத்தின் வழியாகத்தான் ஏதோ போகிறது என்று நாலே பக்கத்தில் எழுதி வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் கண்டுகொண்டது பிரௌன்-செகாரை. மொரீஷியஸில், புதுச்சேரித் தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோய்க் கட்டிய போர்ட் லூயி நகரத்தில் பிறந்த மனிதர். 1889இல், 72 வயதில், நாய், கினிப் பன்றி விரைகளின் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, பாரிஸ் சபையில் எழுந்து இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். மூத்திரத் தாரை முன்பைவிடத் தூரம் போகிறது என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. அந்தச் சாற்றில் ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. விரை அதைச் சேமித்து வைப்பதில்லை. தண்ணீரில் அது லேசில் கரையவும் செய்யாது. 2002இல் ஆஸ்திரேலியாவில் அதே முறையில் சாறு தயாரித்து அளந்து பார்த்து இதை உறுதி செய்தார்கள். கிழவருக்கு வேலை செய்தது நம்பிக்கை. யேட்ஸுக்கும் அதுதான். அவருடைய கடைசிக் கவிதைகளுக்கு ஹேரின் கத்தியைக் காரணமாக்குகிறவர்கள், அதே கத்தி பட்ட மற்றவர்கள் ஏன் கவிதை எழுதவில்லை என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி நம் பக்கம். பெர்த்தோல்டின் பரிசோதனையில் பாதியை நம் விவசாயி காலங்காலமாகச் செய்துவந்தான். காளைக் கன்றைக் கீழே தள்ளி, நாலு பேர் அழுத்திப் பிடித்து, மூங்கில் கழிகளுக்கு நடுவில் விரையை வைத்து நசுக்குவது. காயடிப்பு என்று பெயர். பிற்பாடு மாட்டாஸ்பத்திரியில் பர்டிஸோ இடுக்கி வந்தது. காயடித்த மாடு திமில் தளர்ந்து, கோபம் அடங்கி, ஏருக்கும் வண்டிக்கும் ஆகிறது. காயடிக்காதது பொலிகாளையாகத் திரிகிறது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ஏரிப் பாசனமும் நெல்லும் இருந்த காலத்தில் இது சின்னப் பையனுக்கும் தெரிந்த உடலியல். ஆகவே, அடியில் ஒரு சின்ன வெட்டு, பத்து நிமிஷ வேலை, எதுவும் ஆகாது என்று ஒருவர் வந்து சொன்னபோது, கேட்டவன் மனதில் எழுந்தது மூங்கில் கழி. அதை மூடநம்பிக்கை என்று எழுதினார்கள். என் பார்வையில் அது அனுபவ அறிவு. குழாயையும் விரையையும் அது பிரித்துப் பார்க்கவில்லை என்பது மட்டுமே அதன் குறை. வியன்னா நிபுணரும் வேறொரு விதத்தில் அதையேதான் குழப்பிக்கொண்டார்.

ஆர். ஏ. கோபாலஸ்வாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1951 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்தவர். மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று தம் அறிக்கையில் பெயரிட்டார். தந்தைமை என்று அவருக்கு எழுத வரவில்லை. ஆனால் பின்னர் சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளராக வந்தபோது அவர் பிடித்துக்கொண்டது ஆண்களுக்கான ஆபரேஷனைத்தான். ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குக் கூலி இழப்புக்காகப் பணம் கொடுக்கும் முறையை 1950களின் நடுவிலேயே தொடங்கியது சென்னை ராஜ்யம். இதில் மற்ற ராஜ்யங்களுக்கு அது முன்னோடி. ஆள் கூட்டி வருகிறவர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று உண்டு. மாட்டுத் தரகு போல ஆள் தரகு. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கு மேல் வாசெக்டமிகள் செய்து காட்டினார்கள். எமர்ஜென்சி வருஷமான 1976-77இல் நாடு முழுவதும் 82 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள். அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. அதற்குப் பிறகு ஆண்களுக்கு ஆபரேஷன் செய்வதைப் பற்றிப் பேச எந்த அரசியல்வாதிக்கும் வாய் எழவில்லை.

யேட்ஸின் ஆபரேஷனுக்கு அடுத்த வருஷம், 1935இல், ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தது. லாக்கருக்கு விரைகளுக்குப் பஞ்சமில்லை. 1923இல் அவர் சேர்ந்து தொடங்கிய ஆர்கனான் கம்பெனியின் கூட்டாளி ஒரு கசாப்புத் தொழிற்சாலையின் முதலாளி. அதே வருஷம் பூட்டெனன்ட்டும் ருஸிக்காவும் கொலஸ்டிராலிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்தார்கள். 1939இல் நோபல் பரிசு. கசாப்புக் கழிவு மாத்திரையும் ஊசியுமாயிற்று. பிட்யூட்டரியோ விரையோ நோயுற்று, நிஜமாகவே சுரப்பு இல்லாதவர்களுக்கு அது மறுபிறவி. அதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்தக் கதையின் விசித்திரமான திருப்பம் இங்கேதான். டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து உடம்புக்குள் வந்தால், சரக்கு போதும் என்று நினைத்து மூளையடியிலுள்ள பிட்யூட்டரி தன் கட்டளைகளை நிறுத்திக்கொள்கிறது. கட்டளை நின்றால் விரை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டு, இது கருத்தடையாக வேலை செய்கிறது என்று 1990இல் அறிவித்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மௌட்கல் எதிர்த் திசையில் போனார். எஃப்.எஸ்.ஹெச். என்ற ஒரு கட்டளையை மட்டும் தடுத்தால், டெஸ்டோஸ்டிரோன் குறையாமலே விந்தணு குறைவதைக் குரங்குகளில் காட்டினார். ஆகப் பிள்ளை பெறும் சக்தி வேறு, ஆண் என்ற உடம்பு வேறு. வாசெக்டமி முதலாவதை மட்டும் நிறுத்துகிறது, ஹார்மோனைத் தொடுவதில்லை. ஜிம்மில் திமில் வளர்க்க ஊசி போட்டுக்கொள்கிறவன், கேட்டறியாமல், அந்தக் கருத்தடையைத்தான் செய்துகொள்கிறான்.

நம் மொழிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வீரம், ஆளுமை, புணர்ச்சி, பிள்ளைப்பேறு எல்லாம் ஆண்மை என்ற ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. பிறன் மனைவி பக்கம் பார்வை போகாமல் இருப்பதற்கு வள்ளுவர் பேராண்மை என்று பெயர் வைத்தது யாருக்கும் உறைக்கவில்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயிலோரச் சுவர்களில் இந்தச் சொல் குறைவு என்ற வாலோடுதான் நின்றிருக்கிறது. பக்கத்தில் நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறு. இப்படி விளம்பரம் செய்வதை 1954இலேயே சட்டம் தடை செய்தது. 1959இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கினாலும், இத்தகைய விளம்பரம் பேச்சுரிமை ஆகாது என்று சொல்லிவிட்டது. சுவர்கள் தீர்ப்பு படிப்பதில்லை.

இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது கணக்கில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான தம்பதிகளில் மனைவி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 37.9, கணவன் செய்துகொண்டவர்கள் 0.3. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். மயக்க மருந்து, தையல், படுக்கை. ஆணுக்குப் பத்து நிமிஷம். 1979 டிசம்பரில் மத்திய சர்க்கார் தன் ஊழியர்களில் சிறு குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஒரு இன்க்ரிமென்ட் அளவுக்குத் தனிச் சம்பளம் தர உத்தரவு போட்டது. ஆபரேஷனை ஊழியர் செய்துகொண்டாலும் சரி, அவர் மனைவி அல்லது கணவர் செய்துகொண்டாலும் சரி. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த ஆவடி போன்ற ஊர்களில், 2017 ஜூலையில் அது நிறுத்தப்படும் வரை, கத்தி பட்டது ஒருவர் வயிற்றில், தொகை வந்தது இன்னொருவர் சம்பளச் சீட்டில்.