டிரிபிட்ராக்: ஒரு கொடியும் அதன் பெயர்களும்

ஜின்ஃபண்டெல் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் கிடையாது. கலிபோர்னியாக்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தங்கள் சொந்தச் சொத்தாகக் கொண்டாடும் கருந்திராட்சையின் பெயர் அது. பெயர் எங்கிருந்து வந்தது, கொடி எங்கிருந்து வந்தது என்று தனித்தனியே தேடிப் போனால் இரண்டு வேறு ஊர்களில் போய் நிற்போம். பெயரின் தடம் வியன்னா வரை போகிறது. கொடியின் தடமோ குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் முடிகிறது. ஐரோப்பிய ஒயின் நாடுகளை வரிசைப்படுத்துகிறவர்கள் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கொடியின் கதை தெரிந்தவர்கள் அப்படி நிறுத்த மாட்டார்கள்.

முதலில் பெயர். ஜார்ஜ் கிப்ஸ் என்பவர் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். 1820களின் கடைசியில் வியன்னாவின் அரச தோட்டத்திலிருந்து அவர் திராட்சைக் குச்சிகளைத் தருவித்தார். 1830இல் வெளிவந்த வில்லியம் பிரின்ஸின் திராட்சை நூலில் 'ஹங்கேரியின் கறுப்பு ஜின்ஃபார்டெல்' என்று ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரியாவில் ஸியர்ஃபாண்ட்லர் என்றொரு திராட்சை உண்டு. ஆனால் அது வெள்ளைத் திராட்சை. அதன் பெயர்தான் வழியில் எங்கோ கைமாறி இந்தக் கறுப்புத் திராட்சையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொடி வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. 1815 முதல் 1918 வரை டால்மேஷியா ஆஸ்திரியப் பேரரசின் கையில்தான் இருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கண்ணாடிக் கூடங்களில் சாப்பாட்டுத் திராட்சையாக வளர்ந்த கொடி, 1850களில் தங்க வேட்டைக் கூட்டத்தோடு கலிபோர்னியா போய் ஒயினானது.

அடுத்த திருப்பம் இத்தாலியில். 1967இல் அமெரிக்கத் தாவர நோயியலாளர் ஆஸ்டின் கோஹீன், தென்னித்தாலியின் புல்யாவில் ஓர் ஒயினைக் குடித்தார். நாக்கில் ஜின்ஃபண்டெலின் சாயல் தட்டியது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் கொடியும் அதே மாதிரி. அங்கே அதன் பெயர் பிரிமிட்டீவோ. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோயா டெல் கோல்லே ஊரின் பாதிரியார் ஒருவர், மற்றக் கொடிகளுக்கு முந்திப் பழுக்கும் ஒன்றைக் கவனித்துப் பிரித்து நட்டு, 'முந்திப் பழுப்பது' என்ற பொருளில் வைத்த பெயர் அது. 1990களில் மரபணுச் சோதனை இரண்டும் ஒன்றே என்று உறுதிப்படுத்தியது. ஆனால் புல்யாவில் அதன் வரலாறு இரண்டு நூற்றாண்டைத் தாண்டவில்லை. ஆகவே, பிறந்த வீடு அதுவல்ல. ஏட்ரியாட்டிக் கடலுக்கு அக்கரையில் தேட வேண்டியிருந்தது.

மைக் கர்கிச் டால்மேஷியாவில் பிறந்தவர். 1976ஆம் ஆண்டின் பாரிஸ் ருசிப் போட்டியில் பிரெஞ்சு வெள்ளை ஒயின்களை முந்திய கலிபோர்னிய ஷார்டனே அவர் செய்தது. 1958இல் நாபா பள்ளத்தாக்குக்கு வந்தபோதே, ஜின்ஃபண்டெல் கொடி தன் ஊர் பிளாவாட்ஸ் மாலிதான் என்று அவருக்குப் பட்டது. பிளாவாட்ஸ் மாலி என்றால் 'சின்ன நீலம்'. 1998இல் மரபணு ஆய்வாளர் கேரல் மெரிடித், ஸாக்ரெப் ஆய்வாளர்களான இவான் பெயிச், எடி மலெட்டிச் ஆகியோருடன் சேர்ந்து டால்மேஷியா முழுக்க 150 பிளாவாட்ஸ் கொடிகளின் இலைகளைச் சேகரித்தார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனால் மரபணுவில் பாதி பொருந்தியது. திராட்சையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குச்சி வெட்டி நட்டால் தாய்க்கொடியின் அச்சு அப்படியே வரும். விதையிலிருந்து முளைத்தால் பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. ஆகவே பிளாவாட்ஸும் ஜின்ஃபண்டெலும் பெற்றதும் பிள்ளையுமாக இருக்க வேண்டும்.

தேடியது 2001இல் கிடைத்தது, ஸ்பிளிட் நகரை அடுத்த கஷ்டெல் நோவியில், ஒரு பழைய தோட்டத்தில். ஆயிரக்கணக்கான கொடிகளுக்கு நடுவே இது ஒன்பதே கொடி. ஊரார் வைத்திருந்த பெயர் சர்ல்யெனாக் கஷ்டெலான்ஸ்கி. 'கஷ்டெலாவின் சிவப்பு' என்று அதற்குப் பொருள். குரோவேஷியர்கள் சிவப்பு ஒயினைக் 'கறுப்பு ஒயின்' என்றுதான் சொல்வார்கள். சிவப்பு என்ற பழைய சொல் இந்தக் கொடியின் பெயரில் தங்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மறு ஆண்டு ஓமிஷ் ஊரில் அதே கொடி பிரிபிட்ராக் என்ற பெயரில் கிடைத்தது. பிளாவாட்ஸ் மாலி, இதற்கும் டொப்ரிச்சிச் என்ற திராட்சைக்கும் பிறந்த பிள்ளை.

பிரிபிட்ராக் என்ற பெயர் இன்னொரு கதவைத் திறந்தது. 15ஆம் நூற்றாண்டிலேயே டால்மேஷிய ஆவணங்களில் டிரிபிட்ராக் என்ற திராட்சை வருகிறது. அது எந்தக் கொடி என்பது மறந்துபோயிருந்தது. உலர்த்திப் பதப்படுத்தி, டிரிபிட்ராக் என்று பெயரெழுதி வைத்த, தொண்ணூறு ஆண்டுப் பழைய ஓர் இலைமாதிரி ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. அதன் மரபணுவைப் படித்தார்கள். 2011இல் முடிவு வெளியானது: அதே கொடிதான். இந்தப் பெயரைக் கிரேக்கத்திலிருந்து வருவிக்கிறார்கள். அதன்படி பொருள், 'முந்திப் பழுப்பது'. கடலுக்கு இக்கரையில் கிரேக்க வேரிலும் அக்கரையில் லத்தீன் வேரிலும், ஒரே குணத்தைப் பார்த்து ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள். கொடி ஒன்று என்று மரபணு சொல்லும் முன்பே இரண்டு பெயர்களும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்படிப்பட்ட கொடி ஏன் ஒரு சில கொடிகளாகச் சுருங்கியது? 19ஆம் நூற்றாண்டில் முதலில் சாம்பல் நோய், பிறகு வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி. திரும்ப நட்டபோது உழவர்கள் தோல் தடித்த, தாக்குப்பிடிக்கும் பிளாவாட்ஸைத் தேர்ந்தார்கள். டிரிபிட்ராக்கின் குலையைக் கையில் எடுத்தால் காரணம் புரியும். மணிகள் நெருக்கி அடைந்திருக்கும். தோல் மெல்லியது, மழை பட்டால் அழுகிவிடும். ஒரே குலையில் உலர்திராட்சையாகச் சுருங்கிய பழமும் இருக்கும், பச்சைக் காயும் இருக்கும். காய் பழுக்கக் காத்திருந்தால் பழம் வற்றிச் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரைதான் ஒயினில் 15 சதவீத ஆல்கஹாலாகவும் பழக்கூழ் மணமாகவும் வந்து நிற்கிறது.

கம்பத்துப் பன்னீர் திராட்சை உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க். ஒரு கொடிக்குப் பல பெயர் இருப்பது புதிதல்ல. ஆனால் எதை மூலப்பெயராக வைப்பது என்பதில் நியாயம் ஒன்று உண்டு. 2012இல் ஒயின் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சன் குழுவினரின் திராட்சைக் களஞ்சியம் ஜின்ஃபண்டெலை டிரிபிட்ராக் என்ற தலைப்பின் கீழ்தான் வைத்தது. அதுவே சரி. டால்மேஷியாவில் இப்போது மறுபடியும் நடுகிறார்கள். சிலர் சர்ல்யெனாக் என்று லேபிள் ஒட்டுகிறார்கள், சிலர் டிரிபிட்ராக் என்று. வெளிநாட்டு வியாபாரத்துக்காக ஜின்ஃபண்டெல் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வியாபாரம் புரிகிறது, ஆனாலும் பழைய பெயர் முன்னால் வர வேண்டும். ஸ்பிளிட் பக்கம் போகிற வாசகர்கள், ஒயின் குடிக்கிறவர்களாக இருந்தால், டிரிபிட்ராக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் பிளாவாட்ஸ் மாலியும் ஒரு கோப்பை வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவையுங்கள். பிள்ளைக்குத் துவர்ப்பு அதிகம்.