ரெசிடெண்டே திவான்: கொச்சியில் கோயில் சொத்தும் கர்னல் மன்றோவும், 1812–1818

ஜூ டவுன் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசி சினகாகுக்கும், மட்டாஞ்சேரி அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் நடுவே ஒரே ஒரு மதில்தான். யூதர்களின் வழிபாட்டிடத்தை அவர்களின் சமூகமே நிர்வகித்துவந்தது. கொச்சி அரசின் கோயில்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1809-க்குப் பிந்தைய சீரமைப்பில் அவற்றின் நிலங்கள் சர்க்கார் கணக்கில் சேர்ந்தன. ஊழலை ஒழிக்க வந்த ஆட்சி, தன்னைத் தணிக்கை செய்ய எவரையும் விட்டுவைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1808 டிசம்பரில் கொச்சியின் முதலமைச்சர் பாலியத்தச்சனின் ஆட்கள், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கினார்கள். மெக்காலேயிடம் அடைக்கலம் புகுந்திருந்த, அச்சனின் பகைவரான குஞ்ஞிகிருஷ்ண மேனனும் அவர்களின் இலக்கு. கிளர்ச்சி தோற்றது, அச்சன் நாடு கடத்தப்பட்டார், மேனன் திவானானார். 1809 உடன்படிக்கை கொச்சியின் ஆண்டுக் கப்பத்தை ஒரு லட்சத்திலிருந்து 2,76,037 ரூபாயாக உயர்த்தியது. அந்தத் தொகையைத் திரட்டும் பொறுப்பு, மக்கள் வெறுத்த ஒரு திவானிடம் போனது. 1812-இல் மேனன் விலக, அப்போதைய ரெசிடெண்ட் கர்னல் ஜான் மன்றோ திவான் பொறுப்பையும் ஏற்றார்.

மன்றோ செய்த நன்மைகளை மறுக்க முடியாது. அதுவரை வரி வசூலித்த காரியக்காரரே வழக்கையும் விசாரித்து வந்தார். நீதிமன்றங்களைத் தனியே அமைத்து அந்த வழக்கத்துக்கு மன்றோ முடிவுகட்டினார். ஆனால் திவானைக் கண்காணிப்பதற்கென்றே ஏற்பட்ட பதவி ரெசிடெண்ட் பதவி. இரண்டு நாற்காலியிலும் ஒருவரே அமர்ந்தபோது, திவான்மேல் கொடுத்த மனு திவானின் மேசைக்கே வந்து சேரும். கோயில் நிலங்களைச் சர்க்காரில் சேர்க்கக் காட்டிய காரணம், அவற்றை நிர்வகித்த ஊராளர்கள் சொத்தைச் சுரண்டினார்கள் என்பது; அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் குற்றம் சாட்டியவர், தீர்ப்புச் சொன்னவர், அதனால் நிரம்பிய கஜானாவை நிர்வகித்தவர் மூவரும் ஒருவரே. அந்தக் கஜானாவிலிருந்துதான் கம்பெனிக்குக் கப்பமும் போனது. இதைச் சீர்திருத்தம் என்று மட்டும் எழுதிச் செல்லும் வரலாற்றை என்னால் ஏற்க இயலவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்கச் சீரமைப்பை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான அரசு அலுவலகத்தை நடத்திய ஜெனரல் ஆலிவர் ஹோவார்ட், 1870-இல் காங்கிரஸ் விசாரணைக்கும் 1874-இல் ராணுவ விசாரணைக்கும் உட்பட்டு, இரண்டிலும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கைப்பற்றிய நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பித் தந்த ஜனாதிபதி ஜான்சனின் அநீதி அங்கே நடந்தேறியதுதான். ஆயினும் அதிகாரியை நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. கொச்சியில் அதற்கு வழியே இல்லை.

திருவிதாங்கூரிலும் இதே மன்றோ, இதே இரட்டைப் பதவியில் இருந்துகொண்டு, 300-க்கும் மேற்பட்ட பெரிய தேவஸ்வங்களை, அதாவது கோயில்களையும் அவற்றின் சொத்துகளையும், சர்க்காரில் சேர்த்தார். தேவஸ்வ நிதியை அரசு வருவாயிலிருந்து பிரிக்கும் பிரகடனம் கொச்சியில் 1910-இலும் திருவிதாங்கூரில் 1922-இலும்தான் வந்தது. 1956-இல் இந்திய அரசமைப்பில் சேர்ந்த 290ஏ பிரிவு, கேரள அரசு ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கு 46.5 லட்சம் ரூபாயும், தமிழ்நாட்டு அரசு கன்னியாகுமரிப் பகுதிக் கோயில்களுக்காக 13.5 லட்சமும் தர வேண்டும் என்கிறது. எடுத்த நிலத்துக்கு ஈடாகவே இத்தொகை வழங்கப்படுகிறது. கோயில்களுக்கு அரசு இடும் நன்கொடையாக இதைப் பேசுவோர் மன்றோவின் ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.