காலணி கேட்டு வந்தவன்

1725ஆம் ஆண்டு. ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த செர்பியாவின் கிசில்யேவோ என்னும் சிற்றூர். பீட்டர் புளோகோயோவிட்ஸ் என்ற குடியானவர் அடக்கம் செய்யப்பட்ட பின்னர், எட்டு நாள்களுக்குள் ஒன்பது பேர் மாண்டனர். இறந்தவரே உறக்கத்தில் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகுமுன் கூறினராம். ஊரார் கல்லறையைத் தோண்டினர். உடலில் கூரிய கட்டையைப் பாய்ச்சி எரித்தனர். அரசு அலுவலரின் அறிக்கை வியன்னாவின் செய்தித்தாளில் வெளிவந்தது. அதில் ஒரு சிறு செய்தி உண்டு. இறந்த கணவர் தம்மிடம் வந்து காலணிகளைக் கேட்டார் எனக் கூறிவிட்டு, அவருடைய மனைவி அவ்வூரைவிட்டே சென்றுவிட்டார்.

காலணி கேட்டவர் யார்? நேற்றுவரை அவ்வீட்டில் வாழ்ந்தவரா? அவருடைய உடலைப் போர்த்துக்கொண்ட வேறொன்றா? ஊரார் அதை ஆராயவில்லை. அவர்களுக்கு அது வெறும் பிணம். அழிக்கப்பட வேண்டிய பகை.

இத்தகைய செய்திகளைத் தொகுத்து 1746இல் நூலாக வெளியிட்டவர் பெனடிக்ட் சபைத் துறவி அகுஸ்தீன் கால்மே. மண் கலையாமல் உடல் கல்லறையினின்று வெளிவருவது எங்ஙனம் என அவர் வினவினார். 1755இல் பேரரசி மரிய தெரேசா தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆய்வை ஏற்று, பிணங்களைத் தோண்டி எரிக்கும் வழக்கத்தைத் தடை செய்தார். ஊராரின் அச்சம் ஓய்ந்தது. ஆயினும் இரத்தக் காட்டேரி இலக்கியத்தில் புகுந்தது. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' அதற்கு உலகப்புகழ் தந்தது.

எனினும், காட்டேரிக்கு ஒரு கடந்த காலத்தை விரிவாக அளித்த பெருமை தொலைக்காட்சிக்கே உரியது. 'டார்க் ஷேடோஸ்' என்னும் அமெரிக்கத் தொடரில் பர்னபாஸ் காலின்ஸ் 1967இல் தோன்றினான். சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய பாத்திரம் அது. மக்கள் அவனை விடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் கதை 1795க்குப் பின்னோக்கிச் சென்று, அவன் காதலித்ததையும் சாபத்துக்கு ஆளானதையும் காட்டியது. கொடியவனுக்காகக் கண்ணீர் விடவும் பார்வையாளர் கற்றனர்.

1997இல் தொடங்கிய 'பஃபி' தொடர் இவ்வினாவை நேராகவே எழுப்பியது. கடிக்கப்பட்டவரின் ஆன்மா நீங்குகிறது. பேய் அவ்வுடலில் குடியேறுகிறது. ஆகவே நீ காண்பது உன் நண்பனை அன்று, அவனைக் கொன்றதையே என்பது அத்தொடரின் அறிஞர் கற்பித்த பாடம். கதையோ அப்பாடத்துக்கு அடங்கவில்லை. 1999இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், வில்லோ என்னும் பெண் தன் காட்டேரி வடிவத்தைக் கண்டு திகைக்கிறாள். காட்டேரியின் குணத்துக்கும் முன்பிருந்த மனிதருக்கும் தொடர்பில்லை எனப் பஃபி தேற்றுகிறாள். தானே காட்டேரியான ஏஞ்சல் மறுத்துரைக்க வாயெடுத்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொள்கிறான்.

அவன் அறிவான். அவன் முன்னர் அயர்லாந்தின் கால்வே நகரில் லியாம் என்ற பெயருடைய குடிகாரன். தந்தையின் இகழ்ச்சியில் வெந்தவன். 1753இல் காட்டேரியானதும் அவன் நாடியது சொந்த வீட்டையே. தங்கை அவனை வானதூதன் என நம்பி உள்ளே அழைத்தாள். குடும்பம் முழுவதையும் அவன் கொன்றான். தந்தையை வென்றுவிட்டதாகச் செருக்குற்றவனிடம், அவனை மாற்றிய டார்லா உண்மையை உரைக்கிறாள்: இவ்வெற்றி கணப்பொழுதே, தந்தையின் இகழ்ச்சியோ என்றும் உன்னைத் தொடரும். 2000இல் வந்த அப்பகுதியின் தலைப்பு 'ஊதாரி மகன்' என்னும் பொருளுடையது. மன்னிப்புக் கேட்க அன்று, பழிதீர்க்க வீடு திரும்பிய மகன்!

தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே எனப் புனித அகுஸ்தீனார் கற்பித்தார். தீமை தன் கருவிகளைத் தானே படைப்பதில்லை. நம்மிடம் உள்ளவற்றையே வளைக்கிறது. லியாமின் அன்புப்பசியே கொடுமையாகத் திரிந்தது. 1898இல் சாபத்தால் ஆன்மா மீண்டபோது, தன் கொலைகள் அனைத்தையும் நினைவுகூர்ந்து அவன் துடித்தான். நினைவு இருந்ததனால்தான் மனம் வருந்த முடிந்தது.

நாமோ இருவகையில் இவ்வுண்மையை மறுக்கிறோம். நம் குற்றத்தை மதுவின்மேலும் சினத்தின்மேலும் சுமத்தி, "அது நானல்லேன்" என்கிறோம். பிறர் தவறினாலோ, "அவன் இனி எம் பிள்ளை அல்லன்" எனக் கதவடைக்கிறோம். முன்னது மனவருத்தத்தைத் தடுக்கிறது. பின்னது மன்னிப்பைத் தடுக்கிறது. தவறியவன் அதே மனிதன் என ஏற்பது கசப்பானது. ஆயினும் அதே மனிதன் என்பதால்தான் அவனைப் பெயர் சொல்லி அழைக்க முடியும்.

உவமையில் வரும் தந்தை, திரும்பி வந்தவன் தம் மகனே என்று தொலைவிலேயே கண்டுகொண்டார். அவனுக்கு ஆடையும் மோதிரமும் அணிவிக்கச் சொன்னார். காலுக்கு மிதியடியும் இடச் சொன்னார்.