பயிற்றுவித்தவர் எதிரணியில்

ஓர் ஊருக்குப் பெரும் நன்மை செய்த ஒருவர், பிற்காலத்தில் அவ்வூரார்க்கு எதிராக நின்று வெற்றி கொள்வாராயின், அவரை எவ்வாறு நினைவிற்கொள்வது? செய்ந்நன்றி மறவாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. எனினும், அரசியலிலோ இலக்கியத்திலோ அன்றிக் கால்பந்து மைதானத்திலே இது எழுந்து, பெங்களூர் ரசிகர்களின் உள்ளத்தை அலைக்கழித்த வரலாறு சுவையானது. அதனை ஆனேக்கல்லில் வாழும் தமிழர்களாகிய நாம் நம் கண்கொண்டு நோக்குவதிலும் ஒரு பொருத்தம் உண்டு.

ஆனேக்கல், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர். இவ்வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் எழுந்த தொழிற்சாலைகளை நாடி, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து வந்தோர் பலர் இங்கே குடும்பத்தோடு நிலைத்துவிட்டனர். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. பகலில் பணிமனை, மாலையில் பந்தாட்டம் என வாழும் இளைஞர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பெங்களூர் அணி பிழைக்க வந்த ஊரின் அணி; அதே வேளையில், பிள்ளைகள் பிறந்த ஊரின் அணியுமாகும்.

பெங்களூர்க் கால்பந்தின் கதை நெடியது. பாளையத்துப் பட்டாளங்கள் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த மக்கள், தாமும் பந்தை உதைக்கக் கற்றனர். 1937-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி அதுவே. மறு ஆண்டும் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பையை வென்றது. இவ்வரலாற்றில் தமிழரின் பங்கு சிறிதன்று. அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் முதலிய தமிழர் மிகுந்த பேட்டைகள் ஆட்டக்காரர்களை ஈன்ற வண்ணம் இருந்தன. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதற் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர் பெங்களூர் அருமைநாயகம்.

இத்தகைய நகரம் பின்னர் மங்கியது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற ஆலைகளின் அணிகளே நெடுங்காலம் ஊரின் பெயரைத் தாங்கி நின்றன. 2011-12 பருவத்தில் எச்.ஏ.எல். அணி ஐ-லீக்கின் கடைசி இடத்துக்குச் சரிந்து வெளியேறியது. அதற்கடுத்த பருவத்தில் நாட்டின் முதன்மைப் போட்டியில் பெங்களூருக்கென ஓர் அணி இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் 2013 ஜூலையில் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தார் பெங்களூர் எப்.சி. என்னும் புதிய அணியைத் தொடங்கினர். பயிற்சியாளராக அவர்கள் அழைத்து வந்தவர் ஆஷ்லி வெஸ்ட்வுட் என்னும் ஆங்கிலேயர். மான்செஸ்டர் யுனைடெட் அணியில் இளம் ஆட்டக்காரராகப் பயின்று, பிற அணிகளில் தற்காப்பு வீரராக ஆடி ஓய்ந்தவர். வயது நாற்பதை எட்டவில்லை. தலைமைப் பயிற்சியாளராக நிலைத்த புகழும் இல்லை. அணித் தலைவராகச் சுனில் சேத்ரி நியமிக்கப்பட்டார். 2013 செப்டம்பர் 22-ல் அசோக் நகர்க் கால்பந்து அரங்கில் மோகன் பகானோடு முதல் ஆட்டம்; ஆளுக்கொரு கோலுடன் சமனாக முடிந்தது. அப்பருவத்தின் முடிவில், 2014 ஏப்ரல் 21-ல், கோவாவில் டெம்போ அணியை 4-2 என வென்று, பிறந்த ஆண்டிலேயே இந்தியாவின் சாம்பியனாகியது பெங்களூர்.

இவ்வெற்றி எவ்வாறு கைகூடியது? வெஸ்ட்வுட் முதலாவதாக வற்புறுத்தியது உடலுரமும் ஒழுங்கும். என்ன உண்பது, எப்போது உறங்குவது, ஆட்டத்துக்குப் பின் உடலை எவ்வாறு தேற்றுவது என்பனவெல்லாம் பயிற்சியின் பகுதிகளாயின. மூலை உதையும் தனி உதையும் தற்செயலாக விடப்படாமல் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன. எதிரணி களைக்கும் வேளையிலும் ஓடக்கூடிய அணியாகப் பெங்களூர் உருவாகியது. மேற்குப் பக்கத்துத் திண்ணையில் கூடி ஆர்ப்பரித்த ரசிகர்கள் தம்மை வெஸ்ட் பிளாக் புளூஸ் என அழைத்துக்கொண்டனர். அணி 2014-ல் கண்டீரவா அரங்குக்குக் குடிபெயர்ந்தபோதும் அப்பெயர் அவர்களோடு சென்றது. கன்னடமும் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் பேசுவோர் ஒரே நீலச் சட்டையில் நிற்கும் காட்சி, இந்நகருக்குப் புதிதாய் வாய்த்த பேறு எனலாம்.

2015 ஜனவரியில் பெடரேஷன் கோப்பை கைக்கு வந்தது. ஆனால், அவ்வாண்டு மே 31-ஐப் பெங்களூர் ரசிகர் எளிதில் மறவார். ஐ-லீக்கின் கடைசி நாள். கண்டீரவாவில் மோகன் பகானை வென்றால் மீண்டும் பட்டம். ஜான் ஜான்சன் அடித்த கோலால் பெங்களூர் முன்னிலை பெற்றது. ஆட்டம் முடிய மூன்றே நிமிடம் இருந்தபோது பெல்லோ ரசாக் தலையால் முட்டிய பந்து வலைக்குள் புகுந்தது. சமநிலையே போதும் என்றிருந்த மோகன் பகான் பட்டத்தை எடுத்துச் சென்றது. அடுத்த பருவத்திலே, 2016 ஏப்ரலில், வெஸ்ட்வுட்டின் அணி அப்பட்டத்தை மீட்டது. மூன்று பருவங்களில் இரு லீக் பட்டங்கள், ஒரு கோப்பை. இதுவே அவர் விட்டுச்சென்ற கணக்கு.

2016 மே மாதம் ஹாங்காங்கில் கிட்சி அணியை 3-2 என வென்று, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் காலிறுதிக்குப் பெங்களூரைக் கொண்டுசேர்த்தபின், அவர் விடைபெற்றார். அவ்விடத்துக்கு வந்தவர் ஆல்பர்ட் ரோகா. பார்சிலோனாவில் ரைக்கார்டுக்குத் துணையாய்ப் பணியாற்றியவர். அவர் காலத்தில் அணி மலேசியாவின் ஜோகூர் அணியை அரையிறுதியில் வீழ்த்தி, 2016 நவம்பர் 5-ல் தோகாவில் நடந்த இறுதியாட்டத்தில் நின்றது. இந்திய அணி ஒன்று அவ்வரங்கேறியது அதுவே முதன்முறை. ஈராக்கின் விமானப்படை அணியிடம் ஒரே கோலில் தோற்றபோதிலும், அது பெருமைக்குரிய தோல்வியே.

இங்கேதான் ரசிகரிடையே முதல் வழக்கு எழுகிறது. ஆசிய இறுதியாட்டத்தின் பெருமை யாருக்குரியது? ரோகாவின் ஆட்டத்தில் பந்து நிலத்தோடு ஒட்டி, கால்விட்டுக் கால் மாறிச் சென்றது, கண்ணுக்கு அழகாயிருந்தது. வெஸ்ட்வுட்டின் ஆட்டமோ வலுவையும் நீண்ட உதையையும் நம்பிய கரடுமுரடான ஆட்டம் என்று குறைகூறுவோர் உண்டு. அடித்தளம் இட்டவர் ஒருவர், மாடம் எழுப்பியவர் மற்றொருவர் என்று அமைதி கூறுவோரும் உண்டு. நாம் பார்க்கும் அளவில் பின்னவர் கூற்றில் நியாயம் மிகுதி. காலிறுதி வரை அணியை ஏற்றியது ஒரு கை. அதன்பின் ஏற்றியது மறு கை. ஏணியின் கீழ்ப்படியை மறந்து மேற்படியை மட்டும் போற்றுதல் முறையாகாது.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. வெஸ்ட்வுட்டின் அணியில் வடகிழக்கிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஒளிவீசினர். சங்கர் சம்பங்கிராஜ் போன்ற பெங்களூர்ப் பிள்ளைகள் சிலரே. ராமனையும் அருமைநாயகத்தையும் நாட்டுக்கு அளித்த நகரின் பெயரைத் தாங்கிய அணியில், அந்நகரின் பேட்டைச் சிறுவர்க்கு இடம் குறைந்ததே என்னும் ஏக்கம் முதியோரிடம் உண்டு. இதற்குத் தனியொரு பயிற்சியாளரைப் பொறுப்பாக்க முடியாது. மைதானங்கள் சுருங்கியதும், ஆலை அணிகள் நலிந்ததும், பள்ளிகளில் ஆட்டம் குன்றியதும் அவர் வருமுன்னே நேர்ந்தவை. வெற்றி பெறவே அவரை அழைத்தனர். அவர் வென்று கொடுத்தார். ஆயினும் வெற்றி வேறு, வேர் வேறு என்பதை அவர் காலம் நமக்கு உணர்த்திற்று.

மூன்றாவது வழக்கு 2024 மார்ச் 26-ல் குவஹாத்தியில் பிறந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா ஆப்கானிஸ்தானை எதிர்த்தது. சுனில் சேத்ரிக்கு அது 150-ஆவது சர்வதேச ஆட்டம். முதற்பாதியில் பெனால்டி உதையால் அவரே கோல் அடித்தார். ஆனால், தரவரிசையில் மிகப் பின்தங்கியதும், முன்னணி வீரர் பலர் விலகி நின்றதால் மெலிந்ததுமான ஆப்கானிய அணி, பிற்பாதியில் இரு கோல்களை அடித்து வென்றுவிட்டது. அவ்வணியின் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட். தாம் தலைவராய் வைத்து ஆட்டுவித்த சேத்ரியின் திருநாளிலேயே அவர் இந்தியாவைத் தோற்கடித்தார். அவ்வளவோடும் நிற்கவில்லை. அடுத்து ஹாங்காங் அணியின் பொறுப்பை ஏற்ற அவர், 2025 ஜூன் 10-ல் ஆசியக் கோப்பைத் தகுதியாட்டத்தில், கடைசி நொடிகளில் கிடைத்த பெனால்டியால் இந்தியாவை 1-0 என வென்றார். பெங்களூருக்காகக் கடைசி வெற்றி பெற்ற அதே ஹாங்காங்கில், பெங்களூர் ரசிகரின் நாட்டுக்கு எதிராக ஒரு வெற்றி!

இத்தோல்விகளுக்குப்பின் பெங்களூர் ரசிகரின் நெஞ்சம் இரண்டாகப் பிளந்ததில் வியப்பில்லை. நம் ஆட்டக்காரரின் பலமும் பலவீனமும் அறிந்தவர் அவற்றைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுத்தார் என்று சினந்தோர் சிலர். அவரை இந்நாட்டு அணிக்கே ஏன் அழைக்கவில்லை என்று ஆற்றாமையோடு கேட்டோர் சிலர். ஒரே ரசிகர் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் கூறுவதையும் காணலாம்.

உலகில் இதற்கு ஒப்புமைகள் உண்டு. பேலா குட்மான் என்னும் ஹங்கேரியர் 1961, 1962 ஆகிய இரண்டாண்டுகளும் லிஸ்பனின் பென்பிக்கா அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். பின்னர் ஊதியத்தைப் பற்றிய பிணக்கில் வெளியேறினார். போகும்போது அவர் சாபமிட்டார் என்பது வழங்கிவரும் கதை. கதை எப்படியாயினும், அதன்பின் ஐரோப்பிய இறுதியாட்டங்கள் எட்டில் பென்பிக்கா தோற்றது. அவ்வணியோ 2014-ல் தன் அரங்கில் அவருக்குச் சிலை வைத்தது. நம் நாட்டில் சையத் அப்துல் ரகீமின் புகழுக்கு இத்தகைய சோதனை நேரவில்லை. 1951, 1962 ஆசியத் தங்கங்களை இந்தியாவுக்கு ஈட்டித் தந்த அவர், 1963-ல் மறைந்துவிட்டார். மறைந்தவரைப் போற்றுதல் எளிது. உயிரோடு உழைத்து, எதிரணியின் பலகையில் அமர்ந்திருப்பவரைப் போற்றுதலே அரிது.

இவ்வரிய செயலுக்கு நாம் ஓரளவு பழகியவர்கள் என்றே தோன்றுகிறது. 2018 மார்ச் 17-ல் கண்டீரவாவில் இந்தியன் சூப்பர் லீக்கின் இறுதியாட்டம் நடந்தது. பெங்களூரும் சென்னையும் மோதின. சென்னை 3-2 என வென்றது. அன்று ஆனேக்கல் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் தந்தை ஒருபுறமும் மகன் மறுபுறமும் அமர்ந்திருந்தால் அதில் அதிசயமில்லை. தந்தைக்குச் சென்னை தன் மொழியின் அணி. மகனுக்குப் பெங்களூர் தன் பள்ளித்தோழரின் அணி. யாரையும் யாரும் துரோகி என்று கூற இடமில்லை. ஓசூரைத் தாண்டி வந்து இங்கே உழைக்கும் நம்முள் எவரும், பிறந்த ஊருக்கு எதிராக உழைப்பதாக எண்ணுவதில்லை. கற்ற தொழிலைக் கூலி கொடுக்கும் இடத்தில் முழுமனத்தோடு செய்வது நம் வாழ்க்கை. அதே அளவுகோலை அந்த ஆங்கிலேயருக்கும் வைப்பதே நேர்மை. பெங்களூர் சம்பளம் தந்தபோது பெங்களூருக்காகக் குறைவின்றி உழைத்தார். ஹாங்காங் அழைத்தபோது ஹாங்காங்குக்காக உழைத்தார். அரைமனத்தோடு உழைத்திருந்தால் நாம் அவரை மதித்திருப்போமா?

அதற்காக, தோல்வி வலிக்கவில்லை என்று நாம் நடிக்க வேண்டியதில்லை. அவர் ஆட்டத்தின் குறைகளை மறைக்கவும் வேண்டா. நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. கணக்கின் இரு பக்கங்களையும் எழுதிவைப்பது. ஒரு பக்கத்தில் கோவாவின் அந்த ஏப்ரல் மாலை. மறு பக்கத்தில் குவஹாத்தியின் மார்ச் இரவு. இரண்டுக்கும் நடுவே, அவர் கொடுத்துச் சென்ற பாடம் நிற்கிறது: நல்ல பயிற்சி பெற்றால் எளிய அணியும் வலிய அணியை வெல்லும் என்பது. 2013-ல் புதிதாய்ப் பிறந்த பெங்களூர் அப்பாடத்தால் வென்றது. 2024-ல் மெலிந்த ஆப்கானிஸ்தானும் அதே பாடத்தால் வென்றது.

அப்பாடத்தை அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் ஆனேக்கல்லிலும் பந்தை உதைக்கும் சிறுவர்க்கு எடுத்துச் செல்வது எஞ்சியுள்ள வேலை. அவ்வேலையை அயலார் வந்து செய்து தருவார் என்று காத்திருக்க இயலாது. ஊருக்கு ஒரு மைதானமும், அதனைக் காக்கும் பெரியோரும், மாலைதோறும் வந்து நிற்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும். இவற்றை நாம் தேடிக்கொண்டால், வெஸ்ட்வுட்டைப் பற்றிய வழக்கு தானே தீர்ந்துவிடும். அவர் பெயரைச் சினமின்றிச் சொல்லும் நாளும் வரும்.